அலையாத்தி மரங்கள் நஞ்சை உறிஞ்சுகின்றனவா?

அலையாத்திக் காடுகளைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும், பள்ளிக் கண்காட்சிகளில் மாணவர்கள் எழுதி வைக்கும் அட்டைகளிலும் ஒரு கருத்தை நீங்கள் அடிக்கடி சந்தித்திருப்பீர்கள். இம்மரங்கள் தொழிற்சாலைக் கழிவிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிக் கடலைத் தூய்மை செய்கின்றன என்பதே அது. இவற்றைக் 'கடற்கரையின் சிறுநீரகம்' என்று வருணிப்பவர்களும் உண்டு. அதையடுத்து ஓர் அறிவுரையும் வந்துவிடும்: கழிமுகம் மாசுபட்டிருக்கிறதா? கன்றுகளை நடுங்கள், மரங்கள் பார்த்துக்கொள்ளும்.

இக்கருத்து முழுப் பொய்யன்று. அலையாத்திக் காடு இருக்கும் கழிமுகத்தில் உலோகங்கள் கடலுக்குப் போகாமல் பெருமளவு தடுக்கப்படுகின்றன என்பது பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட உண்மை. ஆனால் தடுப்பது யார், தடுத்த பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இவ்வகைக் கட்டுரைகள் விடை சொல்வதில்லை. விடை சொல்லாமல் விட்டதால் விளைவது ஏட்டுப் பிழை மட்டுமன்று. கழிமுகத்தில் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. ஆகவே இக்கருத்தைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

அழியாத பொருள்

காரீயம், காட்மியம், பாதரசம், செம்பு, துத்தநாகம், குரோமியம் முதலியவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். இவற்றில் செம்பும் துத்தநாகமும் சிறிதளவில் செடிகளுக்கும் நமக்கும் தேவையானவை. காரீயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றால் உயிர்களுக்கு எப்பயனும் இல்லை; கேடுதான் உண்டு.

மற்ற கழிவுகளுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சாக்கடை நீரிலுள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியாக்கள் தின்று கரியமில வாயுவாக்கி விடுகின்றன. அதிலுள்ள நைட்ரஜன் சத்தில் ஒரு பகுதி சேற்றுப் பாக்டீரியாக்களால் வாயுவாக மாறிக் காற்றில் கலக்கிறது. எண்ணெய் கொட்டினால்கூட, நாளாயினும், அதன் பெரும்பகுதி சிதையும். உலோகம் ஒரு தனிமம். ஒரு காரீய அணுவை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்க முடியாது. எந்த மரமும் அதை வேறொன்றாக மாற்ற முடியாது. அது இடம் மாறும், கூடும், பிரியும், ஆனால் அணு அணுவாகவே இருக்கும். 'தூய்மை செய்கிறது' என்ற சொல்லை உலோகத்தின் விஷயத்தில் யாராவது பயன்படுத்தினால், 'எங்கே கொண்டுபோய் வைத்தது?' என்று நாம் உடனே கேட்க வேண்டும்.

சேறு செய்யும் வேலை

ஆற்றில் வரும் உலோகத்தில் பெரும்பங்கு நீரில் கரைந்து வருவதில்லை; நுண்ணிய களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏன் நுண்ணிய துகள்கள்? ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணலை எடுத்துக்கொள்ளுங்கள். அதே எடை மண்ணை இரண்டு மைக்ரான் துகள்களாகப் பொடித்தால் மேற்பரப்பு 500 மடங்கு கூடிவிடும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) போதாக்குறைக்குக் களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, நீரிலுள்ள உலோக அயனிகள் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒட்டிக்கொள்ளக் கேட்பானேன்!

இத்தகைய துகள் நீரில் எவ்வளவு வேகமாகப் படியும்? ஸ்டோக்ஸ் விதியை நீங்கள் மேல்நிலை வகுப்பில் படித்திருக்கலாம். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் படியும் வேகம் நூற்றில் ஒன்றாகும். 0.1 மி.மீ. மணல் நொடிக்கு ஏறத்தாழ 9 மி.மீ. இறங்குகிறது. இரண்டு மைக்ரான் களிமண்ணோ அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே இருப்பதோ சுமார் ஆறு மணி நேரம். அப்படியானால் களிமண் படியவே கூடாது அல்லவா?

இங்கேதான் கழிமுகமும் காடும் சேர்ந்து இரண்டு உதவிகளைச் செய்கின்றன. கடல்நீரின் உப்பு, துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்விசையைத் தணித்துவிடுவதால் அவை திரண்டு பெரிய திரள்களாகின்றன. திரள்கள் விரைவில் படிகின்றன. சுரபுன்னையின் ஊன்று வேர்களும் வெண்கண்டலின் மூச்சு வேர்களும் நீரோட்டத்தை முறித்து அதன் வேகத்தைக் குறைக்கின்றன. இவ்விரண்டாலும் ஒவ்வோர் ஏற்றத்தின் போதும் காட்டுக்குள் ஒரு மெல்லிய சேற்றுப் படலம் படிகிறது. உலோகமும் அதனுடன் படிகிறது.

படிந்த பின் நடப்பது வேதியியல். நீர் தேங்கிய அச்சேற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவில் சல்ஃபேட் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் இந்தச் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. பிச்சாவரத்திலோ முத்துப்பேட்டையிலோ சேற்றில் காலை வைத்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றமும் கரிய நிறமும் தெரிந்திருக்கும். காரீயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகியவை சல்ஃபைடுடன் சேர்ந்தால் நீரில் எளிதில் கரையாத பொருள்களாகி விடுகின்றன. உலோகம் பூட்டப்பட்டுவிட்டது. பூட்டியது சேறு. அச்சேறு சேரவும் நிலைக்கவும் இடம் தந்ததே மரத்தின் பங்கு.

மரம் செய்யும் வேலை

இனி மரத்தைப் பார்ப்போம். அது உலோகத்தை உறிஞ்சுகிறதா?

சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால், மரம் மூச்சு வேர்கள் வழியாகக் காற்றை உள்ளிழுத்து அடி வேர்களுக்கு அனுப்புகிறது. அதில் கொஞ்சம் வேரிலிருந்து கசிந்து வெளியேறி, சேற்றுநீரில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கி விடுகிறது. வேரைச் சுற்றி இத்துரு ஒரு மேலுறைபோல் படிகிறது. வேரை நோக்கி வரும் பிற உலோகங்களில் ஒரு பகுதி இவ்வுறையிலேயே சிக்கிக்கொள்கிறது. உறையைக் கடந்து வேருக்குள் நுழைந்தவற்றுக்கும் ஒரு தடை உண்டு. வேரின் உள்ளடுக்குச் செல்களின் சுவரில் நீர் ஊடுருவாத ஒரு பட்டை இருக்கிறது; தாவரவியலார் அதைக் காஸ்பேரி பட்டை என்பர். மேலே செல்ல வேண்டிய எதுவும் இங்கே சோதனைக்கு உள்ளாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மக்ஃபர்லேன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நம் கடற்கரையிலும் வளரும் வெண்கண்டல் மரத்தை இந்த நோக்கில் ஆராய்ந்தனர். 2007இல் அவர்கள் பல நாடுகளின் கள ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட முடிவுகள் தெளிவானவை. சராசரியாக, வேரிலுள்ள உலோகச் செறிவு சுற்றியுள்ள சேற்றின் செறிவை ஒட்டியோ அதற்குக் குறைந்தோ இருக்கிறது. இலையிலோ வேரில் உள்ளதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. தேவையான செம்பும் துத்தநாகமும் ஓரளவு மேலே போகின்றன. தேவையற்ற காரீயம் அவற்றைவிடக் குறைவாகவே போகிறது. சுருங்கச் சொன்னால், மரம் உலோகத்தைத் தேடி உறிஞ்சுவதில்லை. தன்னால் இயன்றவரை வெளியே நிறுத்தி வைக்கிறது.

ஒரு சிறு கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஒரு சதுர மீட்டர் காட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கீழே 30 செ.மீ. ஆழத்துக்குள் உலர்ந்த நிலையில் 200 கிலோ சேறு இருப்பதாகவும், ஒவ்வொரு கிலோவிலும் 100 மில்லிகிராம் துத்தநாகம் இருப்பதாகவும் கொள்வோம். மொத்தம் 20 கிராம். அதே சதுர மீட்டரில் அடிமரம், கிளை, இலை, வேர் எல்லாம் சேர்ந்து உலர் எடையில் 15 கிலோ மரம் நிற்பதாகவும், அதன் சராசரித் துத்தநாகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றும் கொள்வோம். மொத்தம் 0.15 கிராம். அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தாம். ஆனால் களத்திலும் இதையே கண்டிருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் ரியோ டி ஜனீரோ நகருக்கு மேற்கே செப்பெட்டிபா என்னும் விரிகுடா உள்ளது. அதன் கரையில் அமைந்திருந்த துத்தநாக ஆலையிலிருந்து துத்தநாகமும் காட்மியமும் நெடுங்காலம் விரிகுடாவில் கலந்துவந்தன. அங்குள்ள சிவப்புக் கண்டல் காட்டில் லசெர்டா முதலிய ஆராய்ச்சியாளர்கள் மரத்தின் ஒவ்வொரு பகுதியையும் சேற்றையும் தனித்தனியே அளந்து 1990இல் முடிவை வெளியிட்டனர். மாங்கனீசும் செம்பும் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சேற்றில். இரும்பு, துத்தநாகம், குரோமியம், காரீயம், காட்மியம் ஆகியவை ஏறத்தாழ முழுவதும் சேற்றில். மரத்திலிருந்தது சிட்டிகை அளவே.

'மரம் உறிஞ்சுகிறது' என்று எழுதுகிறவர்கள் எதைப் புகழ்கிறார்கள் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். மரம் உண்மையிலேயே காரீயத்தை வாரி இலையில் நிரப்பினால் என்ன ஆகும்? இலை உதிரும். உதிர்ந்த இலையை நண்டு தின்னும். நண்டை மீன் தின்னும், நாமும் தின்போம். சேற்றில் முடங்கிக் கிடக்க வேண்டியது நம் தட்டுக்கு வந்து சேரும். மரம் அவ்வாறு செய்யாமல் இருப்பதுதான் நமக்கு நன்மை. புகழ வேண்டிய குணத்தை விட்டுவிட்டு, இல்லாத குணத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்!

சிறுநீரகம் என்னும் உவமை

அறிவியலை எளிமையாகச் சொல்ல உவமை வேண்டும். ஆனால் உவமை ஒன்றை விளக்கும்போதே வேறொன்றை மறைத்துவிடக் கூடாது. சிறுநீரகம் கழிவைப் பிரித்து உடலுக்கு வெளியே அனுப்புகிறது. அதனால்தான் நாம் பிழைக்கிறோம். சாக்கடையின் நைட்ரஜனைக் காற்றில் கலக்கவிடும் அளவில் அலையாத்திச் சேற்றைச் சிறுநீரகம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். உலோகத்தை அது வெளியே அனுப்புவதே இல்லை. உள்ளேயே அடுக்கி வைக்கிறது. வெண்கண்டலின் இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியே சிறிது துத்தநாகம் வெளிப்படுவதுண்டு; அதுவும் மழையிலும் பனியிலும் கழுவப்பட்டு அதே சேற்றில்தான் விழுகிறது.

உவமை வேண்டுமென்றால் இதைப் பூட்டிய கிடங்கு என்று சொல்லலாம். கிடங்கென்றால் அதற்குக் கொள்ளளவு உண்டு, பூட்டு உண்டு, பூட்டு உடையவும் கூடும். இந்தக் கிடங்கின் பூட்டு, சேற்றில் ஆக்சிஜன் இல்லாமை. அந்நிலை மாறினால் பூட்டு திறந்துகொள்ளும்.

எப்போது மாறும்? சேற்றைத் தோண்டிக் கரையில் கொட்டினால் மாறும். கரை கட்டி நீரை வடித்து இறால் பண்ணை வெட்டினால் மாறும். மரங்கள் பட்டுப்போய் வேர்ப்பிடி தளர்ந்து அலை சேற்றை அரித்தால் மாறும். காற்றுப்பட்ட சல்ஃபைடு கந்தக அமிலமாகிறது. அமிலத்தில் உலோகங்கள் கரைந்து வெளிவருகின்றன. பழைய அலையாத்திச் சேற்றின் மேல் அமைந்த கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலங்களில் அமிலத்தோடு போராடிக்கொண்டே உழவர்கள் நெல் விளைவிக்கிறார்கள். அது உலோகக் கழிவால் வந்த துன்பமன்று. ஆயினும் ஆக்சிஜனில்லாத சேற்றைக் காற்றுக்குக் காட்டினால் என்ன நேரும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சேற்றில் சேர்ந்த உலோகம் எவ்வளவு காலம் தொல்லை தரும் என்பதை அறிய, அலையாத்தி இல்லாத ஒரு விரிகுடாவைப் பார்க்கலாம். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் 1956இல் வெளிப்பட்டது. ஆலை கழிவை நிறுத்தியது 1968இல். அடியில் கிடந்த பாதரசச் சேற்றைத் தூர்வாரி ஒதுக்கி, 58 ஹெக்டேர் பரப்பை மூடி நிரப்பும் வேலை 1977இல் தொடங்கி 1990இல்தான் முடிந்தது. குழாயை மூடியதற்கும் சேற்றை அடக்கியதற்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள்!

எண்களைப் படிக்கும் முறை

மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். 'சேற்றில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் காரீயம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது' என்று செய்தி வருகிறது. படிப்பவர் திடுக்கிடுகிறார். திடுக்கிட வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

முதலாவது, மாசே படாத களிமண்ணிலும் உலோகம் உண்டு. உலகெங்குமுள்ள களிப்பாறைகளின் சராசரி என்று 1961 முதல் ஆய்வாளர்கள் எடுத்தாளும் அளவுகளின்படி கிலோவுக்குக் காரீயம் 20, செம்பு 45, துத்தநாகம் 95 மில்லிகிராம். இவற்றோடு ஒப்பிடாமல் எண்ணை மட்டும் சொல்வது, உயரத்தைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்லி ஒருவர் பருமனா என்று கேட்பதைப் போன்றது.

இரண்டாவது, சில கட்டுரைகள் சேற்றின் அளவைக் குடிநீர் வரம்போடு ஒப்பிடுகின்றன. குடிநீரில் காரீயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் தந்துள்ள அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இதோடு ஒப்பிட்டால் உலகின் எந்தத் தூய களிமண்ணும் ஆயிரம் மடங்குக்கு மேல் நஞ்சாகத்தான் தோன்றும். சேற்றை யாரும் குடிப்பதில்லை. சேற்றைச் சேற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, மணற்பாங்கான ஒரு கழிமுகத்தையும் களிமண் நிறைந்த அலையாத்திக் காட்டையும் அப்படியே ஒப்பிடுவது தவறு. முன்பே கண்டபடி, நுண்துகள் மிகுந்த சேறு இயல்பாகவே மிகுதியான உலோகத்தைத் தாங்கும். களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்தோடு வகுத்துப் பார்த்து இவ்வேறுபாட்டை நீக்குவது ஆய்வாளர் வழக்கம்.

நான்காவது, வலிய அமிலத்தில் சேற்றைக் கரைத்து அளந்தால் கிடைப்பது மொத்த உலோகம். அதில் பாறைத் துகளுக்குள் புதைந்து வெளியே வராத பங்கும் அடங்கும். நண்டுக்கும் வேருக்கும் எட்டக்கூடிய பங்கு எவ்வளவு என்பதைத் தனியே அளக்க வேண்டும். கேட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பங்குதான்.

இந்த நான்கும் தெரியாமல் எழுதினால் இரண்டு பக்கமும் தவறு நேரும். மாசில்லாத இடத்தில் பீதி கிளம்பும். மாசுபட்ட இடத்தில், 'இதெல்லாம் இயற்கையாகவே இருப்பதுதான்' என்று பொறுப்புள்ளவர்கள் நழுவிவிடுவார்கள்.

எண்ணூரில் இதன் பொருள்

இவையெல்லாம் ஏட்டு விவாதமல்ல என்பதற்கு வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகமே போதும். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் அது; பக்கிங்காம் கால்வாயும் அங்கே வந்து கூடுகிறது. சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், எண்ணெய், உரத் தொழிற்சாலைகள், துறைமுகம். கரைகளில் ஆங்காங்கே வெண்கண்டல் நிற்கிறது. நீரில் இறங்கிக் கையால் இறாலைத் தடவிப் பிடிப்பவர்கள் அங்கே இன்றும் உண்டு.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல். கரி எரிந்து போக, அதிலிருந்த காரீயம், ஆர்சனிக் முதலியவற்றில் பெரும்பங்கு சாம்பலில் செறிந்துவிடுகிறது. இச்சாம்பலை நீரில் குழப்பிக் குழாய்கள் வழியே குட்டைகளுக்கு அனுப்புவார்கள். குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்து, சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைத்ததை ஆய்வுக் குழுக்களும் பசுமைத் தீர்ப்பாயமும் பதிவு செய்துள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து மரங்களின் மூச்சு வேர்களைப் பூசிச் சென்றது.

இத்தகைய இடத்தில், 'அலையாத்தி நட்டால் சரியாகிவிடும்' என்று சொல்வதன் பொருள் என்ன? 2023ஆம் ஆண்டு மத்திய அரசின் நிதிநிலை அறிக்கையில் 'மிஷ்டி' என்ற பெயரில் அலையாத்தி நடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நடுவது நல்லது, அதை இக்கட்டுரை மறுக்கவில்லை. கரை அரிப்பைத் தடுக்கவும், மீன் குஞ்சுகளுக்கு இடம் தரவும், சேற்றை நிலைநிறுத்தவும் மரம் வேண்டும். ஆனால் குழாய் கசிந்துகொண்டிருக்கும்போது நடப்படும் கன்று, கிடங்கில் மேலும் சரக்கு சேரத்தான் உதவும். வந்துசேரும் சரக்கு நச்சுச் சரக்கு. கிடங்கோ இறால் தடவும் மனிதரின் காலடியில்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'மரம் பச்சையாகத்தானே நிற்கிறது, பிறகென்ன மாசு?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெண்கண்டல் நாற்றுகளைச் சோதித்தபோது, செம்பும் துத்தநாகமும் மிகுந்தால் வளர்ச்சி குன்றியது. காரீயம் மிகுந்தபோது நாற்று அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. நஞ்சை வெளியே நிறுத்தத் தெரிந்த மரம் நச்சுச் சேற்றிலும் பசுமையாக நிற்கும். சேற்றையே தின்று வாழும் நண்டுக்கு அந்தத் தடுப்பு இல்லை. எனவே மரத்தின் பசுமை சேற்றின் தூய்மைக்குச் சான்றாகாது. சேற்றையும் நண்டையும் இறாலையும் அளந்துதான் அறிய வேண்டும்.

வாசகர் கேட்க வேண்டியவை

அலையாத்தியைப் பற்றிய கட்டுரையோ அறிக்கையோ இனி உங்கள் கைக்கு வரும்போது சில கேள்விகளோடு படியுங்கள். உலோகம் மரத்தில் இருக்கிறதா, சேற்றில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா? இயற்கையாக இருக்கும் அளவு எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்களா? உயிர்களுக்கு எட்டக்கூடிய பங்கைத் தனியே அளந்தார்களா? நண்டையும் இறாலையும் சோதித்தார்களா? கழிவு வரும் வாயை அடைத்த பிறகு நடுகிறார்களா, அடைக்காமலே நடுகிறார்களா? பழைய சேற்றைத் தோண்டப்போகிறார்கள் என்றால் அதை எங்கே, எப்படி வைக்கப்போகிறார்கள்?

ஒரு கழிமுகத்தில் தூர்வாரும் எந்திரம் இறங்குவதற்கு முன்பே இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தாக வேண்டும். கரையில் குவித்த கரும்சேறு வெயிலில் காய்ந்து, அடுத்த மழையில் அமிலமாகி வழிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. மரம் நடும் விழாவுக்கு அழைப்பு வந்தால் தயங்காமல் போய்வாருங்கள். கன்றை நட்டுவிட்டு, அருகிலுள்ள கழிவுக்குழாய் மூடப்பட்டுவிட்டதா என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.